தோப்பில் ஒரு ராத்திரி!

குட்டீஸ்... ஒரு கேள்வி! ராத்திரி எட்டு மணிக்கு, கரன்ட் வெளிச்சம் எதுவும் இல்லாத இடத்தில், நட்சத்திரங்களைப் பார்த்தபடி படுத்திருக்கிறீர்களா? சுள்ளி பொறுக்கி, அடுப்பு மூட்டி, உங்கள் சோற்றை நீங்களே ஆக்கியிருக்கிறீர்களா? ஒரு தார்ப்பாய், ஒரு கயிறு இரண்டை மட்டும் வைத்து வீடு கட்டியிருக்கிறீர்களா?

'ஆசைதான்... ஆனா அம்மா விடமாட்டாங்களே!' என்கிறீர்களா?

வெறுமனே, 'நாங்க தோப்புல போய்த் தங்கப் போறோம்' என்றால் எந்த அம்மாவும் விடமாட்டார். எங்கே போகிறோம், யார் யார் போகிறோம், துணைக்கு எந்தப் பெரியவர் வருகிறார், என்ன சாப்பாடு, ஏதாவது ஆபத்து என்றால் என்ன செய்வோம்... இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி நீட்டிப் பாருங்கள். 'அட, இவ்வளவு யோசிச்சிருக்கானே' என்று அம்மா கொஞ்சம் இறங்கி வருவார். அந்த நோட்டை எப்படித் தயார் செய்வது? வாங்க, பார்க்கலாம்!

தீவில் நடந்த முதல் முகாம்

1907ம் ஆண்டு, ஆகஸ்ட் மாதம். இங்கிலாந்தின் தெற்குக் கரையில், பூல் துறைமுகத்துக்குள் இருக்கிறது பிரவுன்ஸீ என்ற குட்டித் தீவு. அங்கே சுமார் 20 சிறுவர்களை அழைத்துக் கொண்டு வந்தார், ராணுவ அதிகாரி பேடன் பவல். ஒரு வாரம் கூடாரத்தில் தங்கினர். முடிச்சுப் போடுவது, தடம் பார்ப்பது, வெட்டவெளியில் சமைப்பது எல்லாம் கற்றுக் கொண்டனர். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டு வந்த, 'கூடு' என்ற மானின் கொம்பை ஊதித்தான் அவர்களை எழுப்பினார் பேடன் பவல்!

அந்தத் தீவு அரசாங்கத்துக்குச் சொந்தமானது அல்ல. சார்லஸ் வான் ரால்ட் என்ற தனி மனிதருக்குச் சொந்தம். அவரிடம் முறையாக அனுமதி வாங்கிய பிறகுதான் முகாம் நடந்தது.

இன்னொரு விஷயமும் உண்டு. வந்த சிறுவர்களில் பணக்கார வீட்டுப் பிள்ளைகளும் இருந்தனர். வேலைக்குப் போகும் ஏழைச் சிறுவர்களும் இருந்தனர். வசதி உள்ளவர்களிடம் 1 பவுண்டும், மற்றவர்களிடம் 3 ஷில்லிங் 6 பென்ஸும் கட்டணமாக வாங்கினர். அப்போது ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். அதாவது, ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை! ஆனால், கூடாரத்துக்குள் எல்லாரும் ஒன்றுதான். ஓநாய், காளை, காகம், உள்ளான் என்று நான்கு அணிகளாகப் பிரித்தபோது, இருதரப்புச் சிறுவர்களையும் கலந்தே போட்டனர்.

அந்த முகாமில் இருந்துதான் சாரணர் இயக்கம் பிறந்தது. நம் நாட்டில் இருந்த சாரணர் அமைப்புகள் ஒன்றாகச் சேர்ந்து, 1950 நவம்பர் 7ல், 'பாரத் ஸ்கவுட்ஸ் அண்டு கைட்ஸ்' உருவானது. உங்கள் பள்ளியிலும் கழுத்தில் ஸ்கார்ப் கட்டிய சாரணர்கள் இருக்கலாம்.

ஆக, ஒரு சின்னக் குழு, ஒருவருக்குச் சொந்தமான இடம், சரியான அனுமதி. நம் முகாமுக்கும் இந்த மூன்றும்தான் அடிப்படை.

காட்டறிவு என்றால்...

ஒரு இடத்தில் இருப்பதை வைத்தே அங்கே பத்திரமாகத் தங்கத் தெரிவதுதான் காட்டறிவு. ஆங்கிலத்தில், 'புஷ்கிராப்ட்' என்பர். கத்தியை இடுப்பில் சொருகிக் கொண்டு, சினிமா ஹீரோ மாதிரி நடப்பது அல்ல. பார்க்க வேண்டும், கேட்க வேண்டும், பொறுமையாக இருக்க வேண்டும்.

நம் ஊரிலேயே இதில் கில்லாடிகள் இருக்கின்றனர். இருளர் இனத்தைச் சேர்ந்தவர்கள், மண்ணில் உள்ள மெல்லிய தடத்தைப் பார்த்தே, பாம்பு எந்தப் பக்கம் போனது என்று சொல்லிவிடுவர். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் அவர்களது பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உள்ளது. 1978ல் ஆரம்பித்தது. பாம்புக்கடி மருந்து தயாரிக்கத் தேவையான விஷத்தை இந்தச் சங்கம் எடுத்துக் கொடுக்கிறது. இருளர்களான மாசி சடையனும், வடிவேல் கோபாலும் 2017ல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கே போய், மலைப்பாம்பு பிடித்துக் காட்டினர். 2023ல் இருவருக்கும், 'பத்மஸ்ரீ' விருது கிடைத்தது. பெரிய கருவி எதுவும் கிடையாது, கண்ணும், பொறுமையும்தான்!

காட்டுக்குப் போகலாமா?

கூடவே கூடாது! காடு வனத்துறையின் பொறுப்பில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் உள்ளே போவது குற்றம். ஆபத்தும் அதிகம். 2018 மார்ச் 11ல், தேனி மாவட்டம் குரங்கணி மலையில், காட்டுத் தீயில் சிக்கி, மலையேறப் போன 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்து போயினர். எல்லாருமே உற்சாகமாகக் கிளம்பியவர்கள்தான். கோடை ஆரம்பத்தில், காய்ந்த புல்லில் தீ எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை அந்தத் துயரம் காட்டியது.

அதனால், நமக்கு ஏற்ற இடம், தெரிந்தவருக்குச் சொந்தமான தோப்பு அல்லது தோட்டம். சித்தப்பாவின் மாந்தோப்பு, தாத்தாவின் தென்னந்தோப்பு, அப்பாவின் நண்பருடைய கொல்லை... எதுவானாலும் சரி. வீடும், ரோடும் கூப்பிடு தூரத்தில் இருப்பது நல்லது.

முதல் வேலை... கடிதம்!

போனில் கேட்கலாம்தான். ஆனால், கடிதமாக எழுதிக் கொடுத்தால், நீங்கள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று அவருக்குப் புரியும். இதோ மாதிரி:

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். நானும், என் நண்பர்கள் ஐந்து பேரும், இரண்டு பெரியவர்கள் துணையோடு, சனிக்கிழமை மதியம் முதல் ஞாயிறு மதியம் வரை, நம் தோப்பில் முகாம் போட ஆசைப்படுகிறோம். ஒரே ஒரு இடத்தில் மட்டும் அடுப்பு மூட்டுவோம். பச்சை மரத்தை வெட்ட மாட்டோம். கிணற்றுப் பக்கம் போக மாட்டோம். கிளம்பும்போது இடத்தைச் சுத்தம் செய்து விடுவோம். ஞாயிறு காலை ஒரு மணி நேரம், நீங்கள் சொல்லும் தோப்பு வேலையைச் செய்து தருகிறோம். அனுமதி தருவீர்களா?

கடைசிக்கு முந்தைய வரியைக் கவனித்தீர்களா? விழுந்து கிடக்கும் மட்டைகளைப் பொறுக்கி அடுக்கலாம். கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றலாம். வாடகை கொடுக்க நம்மிடம் பணம் இல்லை, கை இருக்கிறதே!

அனுமதி கிடைத்ததும், அவரிடம் ஐந்து கேள்விகள் கேளுங்கள்.

1. கிணறு, மூடாத போர்வெல் குழி எங்கே இருக்கிறது?

2. பக்கத்தில் மின்வேலி, அறுந்த ஒயர், மோட்டார் ரூம் உண்டா?

3. தேன்கூடு, கதண்டுக் கூடு ஏதாவது மரத்தில் இருக்கிறதா?

4. மருந்து அடித்து எத்தனை நாள் ஆகிறது?

5. பக்கத்துத் தோப்புக்காரர் யார்?

ஐந்தாவது கேள்வி எதற்கு என்று யோசிக்கிறீர்களா? அதற்கு என் சொந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது, ஆறு பேர் சேர்ந்து ஒரு மாந்தோப்பில் தங்கினோம். தோப்புக்காரரிடம் அனுமதி வாங்கியாயிற்று. துணைக்குக் கல்லூரியில் படிக்கும் ஒரு அண்ணன் வந்தார். எல்லாம் சரியாகச் செய்ததாக எங்களுக்கு ஒரே பெருமை! நடுராத்திரி, 'யார்ரா அது?' என்று ஒரு சத்தம். டார்ச் லைட் வெளிச்சம் முகத்தில் அடிக்கிறது. எதிரே கையில் தடியோடு ஒரு தாத்தா. பக்கத்துத் தோப்பின் காவலாளி! மாங்காய் திருட வந்த கும்பல் என்று நினைத்து விட்டார். எங்களில் ஒருவன், 'அம்மா' என்று அலற ஆரம்பித்து விட்டான். அண்ணனோ குறட்டை விட்டுத் தூங்குகிறார்! விஷயத்தைச் சொன்ன பிறகு தாத்தாவுக்கே சிரிப்பு. 'ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே துணைக்கு வந்திருப்பேனே...' என்றவர், விடியும் வரை எங்களோடு உட்கார்ந்திருந்தார்.

அன்று கற்றது இரண்டு. பக்கத்துத் தோப்புக்காரரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். துணைக்கு ஒரு பெரியவர் போதாது. இரண்டு பேர் வேண்டும்!

எத்தனை பேர்... எப்போது?

ஆறு சிறுவர்கள், இரண்டு பெரியவர்கள். இதுதான் சரியான அளவு. இதற்கு மேல் போனால், யார் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாது. சிறுமிகளும் வந்தால், பெரியவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். கூடாரமும் தனியாக வேண்டும்.

தமிழகத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மார்ச் முதல் மே வரை சருகெல்லாம் காய்ந்து, தீப்பிடிக்கும் காலம். இடையில் இருக்கிறதே தை மாதம், அதுதான் நமக்கு வசதி. மழை குறைவு, வெயிலும் கொளுத்தாது, பனங்கிழங்கும் கிடைக்கும்! ராத்திரி பனி விழும் என்பதால், போர்வையும், தலைக்குக் குல்லாவும் முக்கியம்.

தேதியை முடிவு செய்யும் முன், வீட்டில் தொங்கும் தினக் காலண்டரைப் புரட்டுங்கள். அமாவாசையை ஒட்டிப் போனால் நட்சத்திரங்கள் ஜொலிக்கும். முதல் முறை போகிறவர்கள், வளர்பிறையில் போவது நல்லது. நிலா வெளிச்சம் தைரியம் கொடுக்கும்!

இடத்தைப் போய்ப் பாருங்க

ஒரு வாரம் முன்னதாக, பெரியவரோடு போய், பகல் வெளிச்சத்தில் இடத்தைச் சுற்றிப் பாருங்கள். முதலில் அண்ணாந்து பாருங்கள். தென்னை மரத்தின் கீழே கூடாரம் போடவே கூடாது. தேங்காயோ, மட்டையோ எப்போது விழும் என்று அதற்கே தெரியாது! மாமரம், வேப்ப மரம் நல்லது. ஆனால், காய்ந்த கிளை தொங்குகிறதா, மா இலைகளை ஒட்டிச் சிவப்பு எறும்புகள் கூடு கட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

பிறகு கீழே பாருங்கள். புற்று, எலி வளை, மட்டைக் குவியல், கல் குவியல் இருந்தால் தள்ளிப் போங்கள். எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். ஓடை, வாய்க்கால், பள்ளம் வேண்டாம். எங்கேயோ பெய்த மழைக்கு, இங்கே தண்ணீர் வரும். கொஞ்சம் மேடான, சமமான இடமே நல்லது.

கிணற்றைச் சுற்றி, 20 அடி தள்ளி, கலர் கயிறு கட்டி விடுங்கள். 'இந்தக் கயிற்றைத் தாண்டினால் முகாம் அப்போதே முடிந்தது' என்பது எல்லாரும் ஒப்புக் கொண்ட விதியாக இருக்கட்டும். நீச்சல் தெரிந்தவருக்கும் இதே விதிதான். பம்ப் செட் குளியல் உண்டா, இல்லையா என்பதைப் பெரியவர்களே முடிவு செய்யட்டும்.

இரண்டு மரம்... ஒரு வீடு!

பத்து, பன்னிரண்டு அடி இடைவெளியில் இரண்டு மரங்களைப் பிடியுங்கள். உங்கள் நெஞ்சு உயரத்தில், ஒரு கயிற்றை விறைப்பாகக் கட்டுங்கள். 12 அடிக்கு 15 அடி அளவுள்ள தார்ப்பாயை, அதன் மேல் பாதிப் பாதியாகத் தொங்கும்படி போடுங்கள். நான்கு மூலையிலும் உள்ள ஓட்டையில் கயிறு கட்டி, விரித்து இழுத்து, தரையில் அடித்த முளைக்குச்சியில் கட்டுங்கள். வீடு தயார்! குச்சியைக் கூடாரத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்து அடித்தால் பிடுங்கிக் கொள்ளாது. திறந்த பக்கம் காற்று வீசும் திசையில் இருக்கக் கூடாது. தரைக்கு இன்னொரு தார்ப்பாய். அதன் மேல் பாய்.

மேலே கட்டிய கயிற்றிலேயே கொசுவலையைத் தொங்கவிட்டு, அடிப்பக்கத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் சொருகி விடுங்கள். இது கொசுவுக்காக மட்டும் அல்ல. கட்டுவிரியன் பாம்பு ராத்திரியில் நடமாடும். தரையில் தூங்குபவர்களைக் கடித்து விடும். சரியாகச் சொருகிய கொசுவலை அதையும் தடுக்கும். கயிற்றுக் கட்டில் கிடைத்தால் இன்னும் நல்லது.

அனைவருக்கும் ஒரு முடிச்சாவது தெரிய வேண்டும். இறுகாத வளையம் போடும் முடிச்சு இது. கீரிப்பிள்ளைக் கதையோடு கற்கலாமா?

கயிற்றில், நுனியிலிருந்து இரண்டு சாண் தள்ளி, ஒரு சின்ன வட்டம் போடுங்கள். நுனி உள்ள பக்கம் மேலே இருக்க வேண்டும். அந்த வட்டம்தான் கிணறு, மீதி நீளக் கயிறு மரம், நுனிதான் கீரிப்பிள்ளை. கீரிப்பிள்ளை கிணற்றுக்குள் இருந்து மேலே வருகிறது. மரத்துக்குப் பின்பக்கமாக ஒரு சுற்று சுற்றுகிறது. பயந்து போய், மறுபடியும் கிணற்றுக்குள்ளேயே இறங்குகிறது. இப்போது நுனியையும், மரத்தையும் எதிரெதிராக இழுங்கள். முடிந்தது! எவ்வளவு இழுத்தாலும் வளையம் சுருங்காது, அவிழ்ப்பதும் சுலபம். மரத்தில் கயிறு கட்ட, வாளி கட்ட, துணிக்கொடி கட்ட எல்லாவற்றுக்கும் உதவும். கிளம்பும் முன், கண்ணை மூடிக் கொண்டு போடும் அளவுக்குப் பழகுங்கள். டார்ச் லைட் அணைந்தாலும் கை மறக்காது!

தண்ணீர்க் கணக்கு

ஒருவருக்குக் குடிக்க 3 லிட்டர். எட்டுப் பேருக்கு 24 லிட்டர். சமைக்க 8 லிட்டர். மொத்தம் 32 லிட்டர். 20 லிட்டர் கேன் இரண்டு கொண்டு போனால், கொஞ்சம் மிச்சம் இருக்கும். கை, கால், பாத்திரம் கழுவ, தோப்புத் தண்ணீர் போதும். குடிநீர் தீர்ந்து விட்டால், தோப்புத் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, தளதளவென்று கொதித்த பிறகும் ஒரு நிமிடம் விட்டு, ஆற வைத்துத்தான் குடிக்க வேண்டும். தெளிவாக இருப்பதால் சுத்தமான தண்ணீர் என்று நினைக்காதீர்கள். கிருமி கண்ணுக்குத் தெரியாது.

சாப்பாடு எளிமையாக இருக்கட்டும். சனி ராத்திரிக்கு, கொங்கு நாட்டு அரிசி பருப்பு சாதம். 800 கிராம் அரிசி, 250 கிராம் துவரம் பருப்பு, சின்ன வெங்காயம், தக்காளி, பூண்டு, மஞ்சள் தூள், உப்பு, எண்ணெய்... ஒரே பாத்திரத்தில் முடிந்தது. தொட்டுக்கொள்ள அப்பளம், ஊறுகாய். நெருப்பில் சுட, சர்க்கரைவள்ளிக் கிழங்கு. ஞாயிறு காலைக்கு அவித்த முட்டை, வாழைப்பழம், பிரட். முதல் நாள் மதியத்துக்கு, வீட்டிலிருந்தே புளிச்சோறு கட்டிக் கொண்டு போங்கள்.

செலவை எட்டால் வகுத்துப் பங்கு போடலாம். ஆனால், ஒரு நண்பனால் அந்தப் பணத்தைத் தர முடியாமல் இருக்கலாம். அவனைக் கூசிப்போக வைக்காதீர்கள். 'நீ அரிசி கொண்டு வா. நீ கயிறு கொண்டு வா' என்று முடிந்ததைக் கொண்டு வரச் செய்யலாம். பிரவுன்ஸீ தீவு ஞாபகம் இருக்கிறதா?

தோப்பில் இருக்கும் எந்தக் காயையும், கிழங்கையும் தின்று பார்க்கக் கூடாது. ஊமத்தங்காய், குன்றிமணி, செங்காந்தள் கிழங்கு எல்லாம் கொடிய விஷம். அரளிக் குச்சியில் கிழங்கைச் சொருகிச் சுடுவதும் ஆபத்து. கள்ளிப் பால், எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது.

நெருப்பு... உஷார்!

நெருப்புக்கு மூன்று விஷயம் வேண்டும். எரிய ஒரு பொருள், சூடு, காற்று. இதில் ஒன்று குறைந்தாலும் எரியாது. நிறைய பேர் செய்யும் தப்பு, பெரிய விறகை எடுத்தவுடன் திணிப்பது. காற்று போகாது; புகைதான் வரும்!

முதலில், தேங்காய் நார் அல்லது காய்ந்த பன்னாடையை ஒரு கைப்பிடி வையுங்கள். அதன் மேல் தீக்குச்சி கனத்தில் சுள்ளி. அது பிடித்ததும் பென்சில் கனம். அப்புறம் கட்டை விரல் கனம். மூன்று செங்கல் வைத்தால் அடுப்பு ரெடி. ஈரமான கல், ஓடைக் கல் வேண்டாம். உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி, கல் 'பட்'டென்று வெடிக்கலாம்.

அடுப்பைச் சுற்றிப் பத்து அடிக்கு, சருகு ஒன்றுகூட இல்லாமல் பெருக்குங்கள். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல். தீக்குச்சி கிழிப்பது பெரியவர் கண் முன்னால் மட்டும். மண்ணெண்ணெய், பெட்ரோல் பக்கமே போகக் கூடாது. நைலான் சட்டை வேண்டாம், பருத்திதான். பலமாகக் காற்றடித்தால், அன்றைக்கு அடுப்பே வேண்டாம். பிரட்டும், பழமும் போதும். அரிசி பருப்பு சாதத்தை விடத் தோப்பு பெரியது!

துணியில் தீப்பிடித்தால் ஓடாதீர்கள். நில்லுங்கள், படுங்கள், உருளுங்கள். கையைச் சுட்டுக் கொண்டால், 20 நிமிடம் தண்ணீரை ஊற்றிக் கொண்டே இருங்கள். இங்க், பற்பசை, மாவு எதுவும் பூசக் கூடாது.

தூங்கும் முன் அடுப்பில் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடியும் ஊற்றுங்கள். சாம்பல் முழுதும் குளிர்ந்ததா என்று பெரியவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் படுக்கை.

கேட்க வெட்கமாக இருக்கும் கேள்வி

'பாத்ரூம்?' என்று யாரும் கேட்க மாட்டீர்கள். ஆனால், எல்லாருக்கும் அந்தக் கவலை இருக்கும்! தோப்பு வீட்டில் கழிப்பறை இருந்தால் பிரச்னை இல்லை. இல்லாவிட்டால், கிணற்றிலிருந்து 200 அடி தள்ளி, முக்கால் அடி ஆழத்துக்குக் குழி வெட்டுங்கள். சுற்றிலும் பழைய சேலையைத் திரையாகக் கட்டுங்கள். ஒவ்வொரு முறையும் மண் போட்டு மூட வேண்டும். வெளியே ஒரு குடம் தண்ணீர், சோப்பு. சமையல் பொறுப்பில் இருப்பவர் சோப்புப் போட்டுக் கை கழுவாவிட்டால், அத்தனை பேருக்கும் வயிறு கலங்கும்.

பாம்பு, தேள் பயமா?

பயம் வேண்டாம், பழக்கம் வேண்டும். எப்போதும் ஷூ. ராத்திரி டார்ச் லைட் இல்லாமல் ஒரு அடிகூட வைக்கக் கூடாது. தனியாகப் போகக் கூடாது. இரண்டு பேராகப் போக வேண்டும். கல்லுக்கு அடியில், மட்டைக்கு அடியில் கை விடக் கூடாது. காலையில் ஷூவைத் தலைகீழாகத் தட்டிய பிறகே கால் நுழைக்க வேண்டும். உள்ளே தேள் தூங்கிக் கொண்டிருக்கலாம்!

நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன்... நம் நாட்டில் பாம்புக்கடி மரணங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இந்த நான்கும்தான். கடித்து விட்டால், கயிறு கட்டாதீர்கள், கத்தியால் கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். பாம்பைத் துரத்தவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்க விடாமல் படுக்க வையுங்கள். கொலுசு, மோதிரத்தைக் கழற்றி விடுங்கள். கடிபட்ட கை, காலை அசைக்காமல், உடனே 108க்கு போன் செய்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கட்டுவிரியன் கடித்தால் வலியே தெரியாமல் போகலாம். அதனால், 'ஏதோ கடிச்ச மாதிரி இருந்துச்சு' என்று ஒருவன் சொன்னாலும், அலட்சியம் கூடாது. செந்தேள் கொட்டினாலும் மருத்துவமனைதான்.

அந்த மருத்துவமனை எங்கே இருக்கிறது, போக எவ்வளவு நேரம் ஆகும், தோப்பில் செல்போன் சிக்னல் கிடைக்கிறதா, வண்டி தயாராக இருக்குமா என்பதை, இடம் பார்க்கப் போகும் அன்றே நோட்டில் எழுதி விடுங்கள். அம்மா முதலில் படிக்கப் போகும் பக்கம் அதுதான்!

ராத்திரி என்ன செய்யலாம்?

சாப்பிட்டு முடித்ததும், எல்லாரும் பத்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கேட்கும் சத்தங்களை எண்ணுங்கள். சில்வண்டு, தவளை, ஆந்தை, தூரத்து ரயில், மரத்தில் சரசரவென்று ஓடும் மரநாய்... யார் அதிகம் கண்டுபிடித்தார்? எந்தச் சத்தம் எது என்று தெரிந்து விட்டால், புளிய மரத்துப் பேய் எல்லாம் தானாக ஓடிவிடும்!

பிறகு வானம். தை மாத ராத்திரியில், வரிசையாக மூன்று நட்சத்திரங்கள் தெரியும். வேட்டைக்காரன் கூட்டத்தின் இடுப்பு வார் அது. அதன் அருகே சிவப்பாக மின்னுவது திருவாதிரை. வார் காட்டும் கோட்டிலேயே ஒரு பக்கம் போனால், ஆரஞ்சு நிற ரோகிணி. அதையும் தாண்டினால், கொத்தாகக் கார்த்திகை. மறுபக்கம் போனால், இரவு வானத்தின் மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸ். பாட்டி சொல்லும் நட்சத்திரப் பெயர்கள் வெறும் ஜாதகத்துக்கு மட்டுமல்ல. நிஜமாகவே மேலே இருக்கின்றன!

வடக்கே மரம் மறைக்காவிட்டால், துருவ நட்சத்திரத்தைத் தேடுங்கள். கையை நீட்டி முஷ்டி பிடித்தால், அதன் அகலம் சுமார் 10 டிகிரி. மதுரையில், தொடுவானத்திலிருந்து ஒரு முஷ்டி உயரத்தில் துருவ நட்சத்திரம் இருக்கும். சென்னையில் 13 டிகிரி. கன்னியாகுமரியில் 8 டிகிரி. வடக்கே போகப் போக அது மேலே ஏறும். அந்தக் காலத்து மாலுமிகள், தாங்கள் எவ்வளவு வடக்கே இருக்கிறோம் என்று கண்டுபிடித்தது இப்படித்தான்.

நடுராத்திரி, குழுவில் சின்னவன் எழுந்து, 'வீட்டுக்குப் போகணும்' என்று அழலாம். அப்போது என்ன செய்வீர்கள்? இதுதான் முகாமின் மிகப் பெரிய பரீட்சை. கேலி செய்தால் அவன் மறுபடியும் எங்கும் வரமாட்டான். முகாமுக்கு முன்பே ஒரு விதி போடுங்கள்... 'யார் வேண்டுமானாலும், எந்த நேரமும் வீட்டுக்குப் போகலாம். யாரும் சிரிக்கக் கூடாது. திங்கள்கிழமை பள்ளியிலும் சொல்லக் கூடாது!' இப்படி ஒரு கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்தாலே, பாதிப் பேர் அழாமல் தூங்கி விடுவர்.

காலையில்...

வெயில் வந்ததும், ஒரு குச்சியை நேராக நட்டு, நிழலின் நுனியில் ஒரு கல் வையுங்கள். இருபது நிமிடம் கழித்து, நிழல் நகர்ந்திருக்கும். அதன் நுனியில் இன்னொரு கல். முதல் கல் மேற்கு. இரண்டாவது கல் கிழக்கு. முதல் கல்லை இடது கைப் பக்கமும், இரண்டாவதை வலது கைப் பக்கமும் வைத்து நின்றால், உங்கள் எதிரே வடக்கு. திசைகாட்டி கருவியே தேவையில்லை!

பிறகு, சித்தப்பாவுக்குச் சொன்ன ஒரு மணி நேர வேலை. மறந்து விடாதீர்கள், அதுதான் நம் வாடகை.

கிளம்பும் முன் கூடாரத்தைப் பிரித்து, குழிகளை மண் போட்டு மூடி, சாம்பலைப் பரப்பி, செங்கல்லை எடுத்த இடத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் கவர், முட்டை ஓடு, தீக்குச்சி எல்லாம் ஒரு சாக்கில் போட்டு, வீட்டுக்கே கொண்டு போக வேண்டும். கடைசியாக, எல்லாரும் கை கோர்த்து, வரிசையாக ஒருமுறை நடந்து பாருங்கள். காலில் எதுவும் தட்டுப்படக் கூடாது.

மாலையில் சித்தப்பா தோப்பைச் சுற்றிப் பார்க்க வருவார். 'பசங்க எங்கடா படுத்திருந்தாங்க?' என்று தேடுவார். இடம் தெரியாமல் அவர் திகைத்தால், நீங்கள் பாஸ்! 'அடுத்த தைக்கும் வாங்கடா' என்று அவரே கூப்பிடுவார்.

என்ன குட்டீஸ்... நோட்டையும், பேனாவையும் எடுத்தாச்சா? முதல் பக்கத்தில் யார் பெயரை எழுதப் போகிறீர்கள்?